நல்லையா, வல்லிபுரம்

நல்லையா, வல்லிபுரம் (9 ஒக்டோபர் 1909 – 27 டிசம்பர் 1976): ஆசிரியர், அரசியலாளர். இலங்கை அரசாங்க சபையிலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் மட்டக்களப்புப் பகுதியின் பிரதிநிதியாக இருந்தவர். வாவிக்கரை ஊர்களில் 'நல்லையா மாஸ்டர்' என்றால்தான் தெரியும்.

கொழும்பு அரசினர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக் கற்பித்துவந்த அவரை, 1943 இடைத்தேர்தல் திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்கு அனுப்பியது. டொனமூர் யாப்பின்படி சர்வசன வாக்குரிமை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாக்கு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, ஆங்கிலப் படிப்பு வரவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி (1814), புனித மிக்கேல் கல்லூரி (1873) ஆகிய பழைய மிஷன் கல்லூரிகள் இரண்டும் வாவி சூழ்ந்த புளியந்தீவில் இருந்தன. வாவியின் மறுகரையான படுவான்கரை வயற்காரரின் பிள்ளை அங்கே படிக்க வேண்டுமானால் தோணியிலோ 'பாதை' எனப்படும் மிதவையிலோ வாவியைக் கடக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும்.

1944 மே மாதத்தில் நடந்த மொழி விவாதமே நல்லையாவை வரலாற்றில் நிறுத்தியது. நியாயமான கால எல்லைக்குள் சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்று ஜே. ஆர். ஜெயவர்த்தன பிரேரணை கொண்டுவந்திருந்தார். சபைக்கு வந்து அதிக காலமாகாத நல்லையா அதை வெறுமனே எதிர்ப்பதோடு நிற்கவில்லை. சிங்களத்துடன் தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் முன்மொழிந்தார். ஜெயவர்த்தன அதை ஏற்றுக்கொண்டார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் ஆதரித்தார். திருத்தப்பட்ட பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இருமொழிக் கொள்கைக்கு அன்று இருந்த ஆதரவை இன்று படிப்பவர் நம்பச் சற்றுத் தயங்குவார்.

ஆனால் அது வெறும் தீர்மானம், சட்டமல்ல. அதன் வழியே அமைந்த தெரிவுக்குழு 1946இல் அறிக்கை தந்தது; பத்தாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. 1956இல், அன்று ஆதரித்த அதே பண்டாரநாயக்கவின் அரசாங்கம் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. திருத்தத்தை வென்றதும் அதற்குச் சட்டக் காவல் தேடியிருக்க வேண்டும் என்று நல்லையாவைக் குறை கூறலாம். சபையில் சிறுபான்மையாக இருந்த தமிழ் உறுப்பினர்களுக்கு அந்தப் பலம் இருந்ததா என்பது வேறு கேள்வி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது ஜனாதிபதியாக இருந்தவரும் ஜெயவர்த்தனதான். நல்லையா இறந்து அப்போது பதினோர் ஆண்டுகள் ஆகவிருந்தன.

1947இல் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் கல்குடாவில் வென்ற அவர், 1952இலும் அத்தொகுதியைத் தக்கவைத்தார். 1956 தேர்தலோடு அவருடைய நாடாளுமன்ற வாழ்வு முடிந்தது. அதே தேர்தலில் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சியின் செ. இராசதுரை முதன்முறையாக வென்றார். அதன்பின் கொழும்பு அரசாங்கத்தோடு ஒட்டி நின்று காரியம் பார்த்த தலைமுறையைத் தமிழ் அரசியல் ஏளனமாகவே பார்த்தது. அந்தக் கணக்கில் நல்லையாவையும் சேர்த்துத் தள்ளியது சரியல்ல.

ஏனெனில் அந்த ஒட்டுறவில் கிடைத்தவற்றுள் ஒன்று வந்தாறுமூலை மத்திய கல்லூரி. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கிராமங்களில் மத்திய கல்லூரிகளை அமைத்துக்கொண்டிருந்தார். 1945 ஒக்டோபரிலிருந்து இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய ஒரு கல்லூரியை நகரத்துக்குக் கேட்காமல், ஏறாவூர்ப்பற்றின் வயலோர ஊரான வந்தாறுமூலைக்குக் கொண்டுவந்தார் நல்லையா. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகள் பெட்டியும் பாயுமாக விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். பல வீடுகளில் எழுத்து வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் போன முதல் ஆள் அவர்களே. மொழித் திருத்தம் கெட்டிக்காரத்தனமான சபை வேலை. இந்தக் கல்லூரியே அவருடைய பெரிய சாதனை.

1981 ஓகஸ்ட் 1 அன்று அந்த வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது; 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்த சி. மௌனகுரு, பின்னாளில் அதே இடத்தில் நுண்கலைத் துறையை வளர்த்து, மட்டக்களப்புக் கூத்தைப் பட்டப் படிப்புக்குள் கொண்டுவந்தார்.