பிட்சயோலோ

பீட்சா சுடுவதையே தொழிலாகக் கொண்டவர் இத்தாலியில் பிட்சயோலோ எனப்படுகிறார். மாவு பிசைந்து புளிக்கவைப்பது முதல் விறகு அடுப்பிலிருந்து எடுப்பது வரை அவர் பொறுப்பு. தொழிலின் தாயகம் நேப்பிள்ஸ் நகரம். பீட்சா அங்கே நெடுங்காலம் ஏழைகளின் தெருவுணவாக இருந்தது. 1889இல் ரஃபாயேலே எஸ்பொசிட்டோ என்பவர் இத்தாலிய அரசி மார்கரிட்டாவுக்கு பீட்சா சுட்டுக் கொடுத்த கதை பெயர்பெற்றது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தை ஆய்வாளர் சிலர் நம்புவதில்லை. கதையைவிடக் கைப்பழக்கமே தொழிலை வளர்த்தது எனலாம். அடுப்படியில் மூத்தவர் அருகே நின்றுதான் இளையவர் கற்றார். எழுதிவைத்த விதிகள் பிறகுதான் வந்தன.

அசல் நேப்பிள்ஸ் பீட்சாவைக் காக்கும் சங்கம் 1984இல் தோன்றியது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் செய்முறையைப் பதிவுசெய்தது. அதன்படி 1 லிட்டர் தண்ணீருக்கு உப்பு 50 முதல் 55 கிராம். மாவுருண்டையை உருட்டுக்கட்டையால் தேய்க்கக் கூடாது. விரல்களால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி விரிக்க வேண்டும். சுமார் 485 பாகை செல்சியஸ் சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடும். நொடி தவறினால் கரிந்துவிடும் என்பதால், நீண்ட கரண்டியால் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும் அடுப்புக்காரருக்குத் தனி மதிப்பு உண்டு. 2017இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நேப்பிள்ஸில் சுமார் 3,000 பேர் இத்தொழிலில் இருந்தனர்.

நம் பக்கம் வந்தால், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரைப் பகுதிக்கு அருகில் இத்தொழிலைக் காணக்கூடிய இடம் ஆரோவில். 1968இல் தொடங்கிய அந்நகரில் குடியேறிய ஐரோப்பியர் வழியாகப் பாலாடைக்கட்டி, விறகு அடுப்பு பீட்சா ஆகியவை இப்பகுதிக்குப் பழக்கமாயின; அங்குள்ள லா ஃபெர்ம் என்னும் பாலாடைக்கட்டிக் கூடம் பீட்சாவுக்கான மொசரெல்லாவும் செய்கிறது. நம்மூர்ச் சமையலறையில் இவ்வேலைக்காரருக்கும், பரோட்டா போடுபவரைப் போலவே, மாஸ்டர் என்றுதான் பெயர். நேப்பிள்ஸிலும் இத்தொழிலின் உச்சப் படி மாஸ்டர்தான்.

பீட்சா மாவுக்கு வேண்டிய உப்புக்கு இக்கரையில் பஞ்சமில்லை. சிறுபாணாற்றுப்படை என்னும் சங்கநூல் சொல்லும் எயிற்பட்டினம் என அறிஞர் கருதும் மரக்காணத்தில் இன்றும் பரந்த உப்பளங்கள் உள்ளன. மாவில் உப்பு சுவைக்கு மட்டுமன்று, ஈஸ்டின் வேகத்தை அடக்கவும் வேண்டும். இத்தாலிய விதிகள் சுமார் 25 பாகை அறைவெப்பத்தை எண்ணி எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் இங்கே மாவு அதைவிட விரைவாகப் பொங்கிப் புளித்துவிடும். ஆகவே குளிர்பெட்டியில் வைத்து மெல்லப் புளிக்கவிடுவதே இக்கரைக்கு ஏற்ற முறை.