புல்லட்டும் டேங்க் பேக்கும்

இந்த வயதில் புல்லட்டில் கொடைக்கானல் போக எனக்கு ஆசை வந்துவிட்டது. மாத்திரை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமே! "டேங்க் பேக் வாங்குங்கப்பா" என்றான் மகன். அதில் இரண்டு வகை: காந்தம் வைத்தது, வார் போட்டுக் கட்டுவது.

கொஞ்சம் பழைய கதை. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்தது புல்லட். 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கே தயாரானது. 1970-ல் தாய்க் கம்பெனி வண்டி செய்வதை நிறுத்தியது. நம் புல்லட் நிற்கவில்லை.

டேங்க் இரும்புத் தகடு. காந்தம் கச்சிதமாகப் பிடிக்கும். அதன் மேல் ஓடும் தங்கக் கோடு, ஸ்கேல் இல்லாமல் தூரிகையால் கையாலேயே இழுத்தது. நண்பரின் காந்தப் பையை மாட்டி ஒருமுறை மாமல்லபுரம் போய்வந்தேன். கழற்றினால் கோட்டின் குறுக்கே கீறல்! காந்தம் இழுத்த இரும்புத் தூள் உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. நாற்பது வருடமாகத் துடைத்துக் காத்த கோடு. அன்று இரவு தூக்கமே இல்லை.

வார் பைதான் வாங்கினேன். நீங்களும் வாங்கினால் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பை ஹாரனில் இடிக்கக் கூடாது. பெட்ரோல் மூடியைத் திறக்க வழி இருக்க வேண்டும். அடியில் மெத்தென்ற துணி அவசியம். எனக்கு வீட்டுக்காரம்மா பழைய நூல் புடவையைக் கிழித்துத் தந்தாள்.

அந்தக் கீறலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். வேறு கை அந்தக் கோட்டைத் தொட மனம் வரவில்லை.