கடைசியாகத் தொட்டவரே உரிமையாளர்: கட்டளைக் கையேடுகளின் வரலாறு

சுட்டியையும் படக்குறிகளையும் கொண்டு கணினியை இயக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்பு, எழுத்துகளைத் தட்டச்சு செய்து ஆணையிடுவதே கணினியை இயக்கும் பொதுவான வழியாக இருந்தது. சேவையகங்களைப் பராமரிப்போரும் நிரல் எழுதுவோரும் இன்றும் அந்த வழியையே நாடுகின்றனர். அவ்வாறு தட்டச்சு செய்யப்படும் வரி கட்டளை வரி எனப்படுகிறது. அதில் முதலில் வரும் பெயர் ஒரு சிறு நிரலைச் சுட்ட, அடுத்து வரும் ஓரெழுத்துக் குறிகள், அதாவது விருப்பக் குறிகள், அந்த நிரல் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. திரையில் உள்ள பொத்தான் தன் பெயரைத் தானே காட்டிக்கொண்டு நிற்கும். கட்டளையோ தன்னை அறிந்து அழைப்பவருக்கு மட்டுமே செவிசாய்க்கும். விளக்கம் இல்லாத கட்டளை இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதால், யூனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றோடு அதன் கையேட்டின் வரலாறும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிறது.

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்னும் ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையால் உருவாயிற்று. அதற்கு முதலில் வாய்த்தது பி.டி.பி.-7 என்னும் பழைய சிறு கணினி. அதைவிடத் திறன் மிக்க பி.டி.பி.-11 கணினியை ஆய்வக நிர்வாகம் வாங்கித் தந்ததற்கு, காப்புரிமைப் பிரிவின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்றை உருவாக்கித் தருவதாகக் குழுவினர் அளித்த உறுதியே முதன்மைக் காரணம். அவ்வேலைக்குப் பயன்பட்ட ராஃப் என்னும் நிரல், எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர் 1964-இல் எழுதிய ரன்ஆஃப் நிரலின் வழிவந்தது. எழுத்துகளுக்கு இடையே புள்ளியில் தொடங்கும் சிறு குறிப்புகளை இட்டால், அவற்றைக் கொண்டு பத்தியையும் ஓரத்தையும் பக்க எண்ணையும் அது அமைத்துத் தந்தது. எழுதுவோருக்கான கருவியாக இடம்பெற்றதால்தான் யூனிக்ஸ் ஆய்வகத்தில் நிலைபெற்றது என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் கருவியைக் கொண்டே யூனிக்ஸின் முதல் கையேடு தயாரிக்கப்பட்டு, 1971 நவம்பர் 3 என்னும் நாளைத் தாங்கி வெளிவந்தது. அந்தக் குழுவின் மேலாளராக இருந்த டக்ளஸ் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதன் பயன் அது. கட்டளைகள் ஒரு பிரிவு, இயங்குதளத்தின் உள் அழைப்புகள் ஒரு பிரிவு எனக் கையேடு ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் பெயர், சுருக்க வடிவம், விவரணை, தொடர்புடைய கோப்புகள், ஒப்புநோக்க வேண்டிய பிற பக்கங்கள், பிழைகள், உரிமையாளர் என்னும் ஒரே ஒழுங்கில் அமைந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வொழுங்கு பெரிதும் மாறவில்லை.

அவ்வொழுங்கின் கடைசி இரண்டு உறுப்புகளே வரலாற்று நோக்கில் மிகுந்த கவனத்துக்குரியவை. அவற்றுள் ஒன்று ‘பிழைகள்’ என்னும் தலைப்பு. தம் நிரல் எங்கே தவறும் என்பதை ஆசிரியரே பயனரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடும் இடம் அது. கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு அழிக்கும் டி.எஸ்.டபிள்யூ. என்னும் கட்டளையின் பக்கத்தில், அந்தப் பெயரே பொருத்தமற்றது என்னும் ஒப்புதல் இத்தலைப்பின் கீழ் இடம்பெற்றிருந்தது. கையேட்டின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் தயாராகும்போது ஆய்வகத்தில் பரபரப்பு எழும் என்றும், அழகற்றதை எழுதிப் பார்த்து அதை அச்சில் ஏற்ற மனம் வராமல் நிரலையே திருத்திவிடுவார்கள் என்றும் மெக்கில்ராய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விளக்கத்துக்கு அடங்காத இடத்தில் நிரல் வளைந்து கொடுத்தது. எழுத்து நிரலுக்கு உரைகல்லாக அமைந்தது.

மற்றொன்று ‘உரிமையாளர்’ என்னும் தலைப்பு. சிக்கல் நேர்ந்தால் யாரை அணுக வேண்டும் என்பதை அது சுட்டியது. அதற்கு முன்னுரையில் தரப்பட்ட விதி வியப்பானது: ஒன்றைக் கடைசியாக மாற்றியவர் எவரோ அவரே அதன் உரிமையாளர், ஆதலால் உரிமையாளர் அதை முதலில் இயற்றியவராக இருக்க வேண்டுவதில்லை. உரிமை என்னும் சொல் இங்கே உடைமையைக் குறிக்கவில்லை. கேள்வி வந்தால் பதில் சொல்லும் கடமையையே குறித்தது. கூட்டாக எழுதப்படும் கணினி ஆவணங்கள் அனைத்துக்கும் வித்து இவ்விதியில் இருப்பதாகக் கொள்ளலாம்.

அக்காலப் பக்கங்கள் குறுகியவை. அன்றைய முனையமாகிய டெலிடைப் 33 என்னும் தொலைத்தட்டச்சு இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகளையே காகிதத்தில் அடித்தது. 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தை அச்சிட மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளில் அடங்கியதற்கும் விளக்கங்கள் சொற்செட்டோடு அமைந்ததற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம். கோப்புகளைப் பட்டியலிடும் எல்.எஸ். கட்டளைக்கு முதல் கையேட்டில் இருந்த விருப்பக் குறிகள் ஐந்து. பின்னாளில் தோன்றிய குனு திட்டத்தின் இன்றைய எல்.எஸ். கட்டளைக்கோ ஐம்பதுக்கும் மேல்.

யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியபோது கையேடும் உடன் சென்றது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் சொந்தப் பக்கங்களைச் சேர்த்தது. ஆனால் 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பறையில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு மாணவர்களுக்காக வரிக்கு வரி எழுதியிருந்த விளக்கவுரை, அதனால் வெளிப்படையாக அச்சேற முடியாமல், நகலுக்கு நகலாக எடுக்கப்பட்டு, எழுத்து மங்கிப் படிக்க அரிதான படிகளாகக் கைமாறியது. அது முறையாக நூலாக வெளிவந்தது 1996-இல். இதற்கிடையே யூனிக்ஸ் விற்பனைப் பொருளாகவும் மாறிவிட்டதால், கையேட்டில் பிழை கண்ட பயனர் அதைத் தாமே திருத்தும் வழி அடைபட்டது. ‘உரிமையாளர்’ என்னும் தலைப்பும் பக்கங்களிலிருந்து மறைந்திருந்தது.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை நோக்கமாகக் கொண்டது. நிரலை மாற்றும் உரிமை இருந்து கையேட்டை மாற்றும் உரிமை இல்லையென்றால், மாற்றப்பட்ட நிரலுக்குப் பொய்யான கையேடுதான் எஞ்சும் என்பது ஸ்டால்மன் முன்வைத்த வாதம்; அதன் வலிமை இன்றும் குறையவில்லை. எனினும் அதே நோக்கில் 2000-இல் வெளியான குனு கட்டற்ற ஆவண உரிமம், சில பகுதிகளை எவரும் மாற்றக்கூடாது என்று ஆசிரியர் வரையறுக்க இடம் தந்தது. அத்தகைய மாற்றவியலாப் பகுதிகளைக் கொண்ட ஆவணங்கள் கட்டற்றவை ஆகா என்று டெபியன் என்னும் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 2006-இல் வாக்கெடுத்து முடிவு செய்தனர். மற்றொரு புறத்தில் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவின் அழைப்புகளுக்கும் சி மொழி நூலகத்துக்கும் தன்னார்வலர்கள் பழைய யூனிக்ஸ் ஒழுங்கிலேயே பக்கங்களை எழுதி வந்தனர். 2004 முதல் மைக்கேல் கெரிஸ்க் பல ஆண்டுகள் அவற்றைப் பேணி வளர்த்தார்.

பக்கங்கள் முழுமை பெறப் பெற நீண்டன. எல்லா விருப்பக் குறிகளையும் அகர வரிசையில் விளக்கும் பக்கம், ஐயம் தீர்க்க வருபவருக்கு அகராதிபோல் உதவும். அவசரத்தில் ஒரு வரி தேடி வருபவருக்கு உதவாது. இந்தக் குறையை நிரப்ப 2013 டிசம்பரில் தொடங்கப்பட்டதுதான் டி.எல்.டி.ஆர். பக்கங்கள் என்னும் திட்டம். மிக நீளம், படிக்கவில்லை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். கட்டளை ஒன்றுக்கு ஒரு பக்கம். தலைப்பின்கீழ் ஓரிரு வரி அறிமுகம். அதன்பின் எட்டுக்கு மேற்படாத எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் பயனர் தம் கோப்பின் பெயரை இட வேண்டிய இடம் இரட்டை நெளி அடைப்புக்குள் காட்டப்படும். பங்களிக்க விரும்புபவர் பக்கத்தை எழுதி, புல் ரிக்வெஸ்ட் எனப்படும் சேர்ப்பு வேண்டுகோளை அனுப்புகிறார். வடிவப் பிழைகளைத் தானியங்கி நிரல் ஒன்று சோதிக்க, பொருளைச் சக பங்களிப்பாளர்கள் சோதிக்கின்றனர்.

எட்டு என்னும் வரம்பே இத்திட்டத்தின் உயிர். ஐம்பது குறிகளுள் எந்த எட்டுப் பயன்கள் மக்களுக்கு உண்மையில் தேவைப்படுகின்றன என்பதை நிரலாசிரியரைவிட அன்றாடம் அதைப் பயன்படுத்துபவரே நன்கு அறிவார் என்பதால், இங்கே பயனரின் பட்டறிவே புலமையாக ஏற்கப்படுகிறது. ஒன்பதாவதாக ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்க வருபவர், முன்னுள்ள எட்டில் எதை நீக்கலாம் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்திட்டத்தின் பக்கங்கள் தமிழிலும் உள்ளன. கட்டளையும் குறிகளும் மாறாமல் நிற்க, விளக்கமே மொழிபெயர்க்கப்படுகிறது. அது தோற்றத்தைவிடக் கடினமான பணி. டார் என்னும் கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். நாடாவில் கோப்புகளைக் கட்டாகச் சேமிக்க யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த இக்கருவிக்கு, கட்டை உருவாக்க ‘சி’ என்னும் குறியும் கோப்பைச் சுட்ட ‘எஃப்’ என்னும் குறியும் உண்டு. ஆங்கிலப் பக்கம் உருவாக்குதலைக் குறிக்கும் ‘கிரியேட்’ என்னும் சொல்லின் முதலெழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டுக் குறியை நினைவில் பதிய வைக்கிறது. ‘உருவாக்கு’ என்னும் தமிழ்ச் சொல்லில் ‘சி’ இல்லை. ஆகவே அந்த நினைவுக் கொக்கியைக் கைவிடுவதா, ஆங்கில எழுத்தைத் தமிழ்ச் சொல்லின் அருகே தனியே இடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கில ஏவல் வினைக்கு மரியாதை வேறுபாடு இல்லை. தமிழிலோ ‘அழி’ என்பதா, ‘அழிக்கவும்’ என்பதா என்னும் கேள்வி ஒவ்வொரு வரியிலும் எழுகிறது. ‘டைரக்டரி’ என்பதற்கு அடைவு, கோப்புறை என வழங்கும் சொற்களுள் ஒன்றை ஒருவர் தேர்ந்து, மற்றவர் வேறொன்றைத் தேர்ந்தால், ஒரே பொருள் இரண்டு பக்கங்களில் இரண்டாகத் தோன்றிவிடும்.

மேலும், கருவி மாறும்போது ஆங்கிலப் பக்கம் முதலில் திருத்தப்பட்டு, தமிழ்ப் பக்கம் பின்தங்கிவிடுவதும் உண்டு. அப்போது பழைய எடுத்துக்காட்டை நீக்கிப் புதியதைத் தமிழில் எழுதி அனுப்புபவர், பெரும்பாலும் அந்தப் பக்கத்தை முதலில் எழுதியவராக இருப்பதில்லை. மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்னும் நிரல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைக் கடைசியாக மாற்றியவரின் பெயரையும் நாளையும் காட்டுகிறது.