இடுப்பில் ஏறிய தோல்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இந்த ஆண்டு நாம் ஒரு சிறிய பொருளை எடுத்துக்கொள்கிறோம். அதிகாரியின் இடுப்பில் இருக்கும் தோல் பெல்ட். அதில் தொங்கும் கைத்துப்பாக்கி உறை.

அந்த பெல்ட்டை நாம் எப்போதும் பயத்தோடு பார்த்தே வளர்ந்தவர்கள். காவல் நிலையத்துக்குள் 'பெல்ட்டைக் கழற்றுவது' என்றால் என்னவென்று சேரியில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு வரலாற்றுப் பொருளாக நாம் பார்த்ததில்லை. அதைத் தைத்தவர் யார்? கட்டிக்கொண்டவர் யார்? தைத்தவருக்கு அதைக் கட்டிக்கொள்ளும் உரிமை இருந்ததா? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய உரை.

தலையில் தீட்டு, இடுப்பில் மிடுக்கு

வேலூரிலிருந்து தொடங்குவோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது என்ற உத்தரவுகளோடு புதிய தலைப்பாகை ஒன்றும் திணிக்கப்பட்டிருந்தது. அதன் முகப்பில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. தோல் தலையில் ஏறுவதா என்ற கொதிப்பு, கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்று. அரை நூற்றாண்டு கழித்து 1857இல் வடக்கே தோட்டாக்களில் தடவிய கொழுப்பு பிரச்சினை ஆனது. பசுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் வாயில் வைத்துக் கடிப்பதா என்று கேட்டார்கள்.

இந்தக் கிளர்ச்சிகளைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமல்ல. அந்நிய ஆட்சியின் மீதான கோபம், சம்பளம், அவமதிப்பு என்று அவற்றுக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே சிப்பாயின் மார்பில் குறுக்காகத் தோல் வார்கள் ஓடின. இடுப்பில் தோட்டாப் பை தோலில் தொங்கியது. அதைக் கழற்றி எறிய வேண்டும் என்று யாரும் கிளர்ச்சி செய்யவில்லை. தலையில் ஏறினால் தீட்டு. இடுப்பில் ஏறினால் மிடுக்கு. அப்படியானால் தீட்டு தோலில் இல்லை. பின் எங்கே இருந்தது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே போவோம்.

ஒரு கையை இழந்தவரின் வார்

இன்று உலகின் பல படைகளிலும் காவல்துறைகளிலும் அதிகாரிகள் அணியும் பெல்ட்டுக்கு 'சாம் பிரவுன் பெல்ட்' என்று பெயர். இடுப்பைச் சுற்றி ஓர் அகலமான தோல் பட்டை. வலது தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கி அதைத் தாங்கும் மெல்லிய வார். நம் ஊரில் 'கிராஸ் பெல்ட்' என்கிறோம்.

சாம் பிரவுன் இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி. 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் அருகே, கிளர்ச்சியாளர்களின் பீரங்கி ஒன்றைக் கைப்பற்றப் பாய்ந்தபோது வாள்வெட்டில் இடக்கையை இழந்தார். வாளை உருவ வேண்டுமானால் இடக்கையால் உறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இடக்கை இல்லை. வாளுறை ஆடாமல் ஓரிடத்தில் நிற்கவும், அதன் பாரத்தைத் தோள் தாங்கவும் இந்தக் குறுக்கு வாரை அமைத்துக்கொண்டார் என்பது வரலாறு. கைத்துப்பாக்கிக்கும் அதே பெல்ட்டில் மூடியோடு கூடிய உறை இடம்பெற்றது. ஒரே கையால் எடுக்கவும் வைக்கவும் முடிந்தது. இந்தியாவிலிருந்த அதிகாரிகளிடம் பரவிய இந்த பெல்ட், போயர் போர் நடந்த 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவம் முழுவதிலும் நிலைபெற்றது.

கையை இழந்த அதிகாரியின் பெயர் பெல்ட்டில் தங்கிவிட்டது. அந்த பெல்ட்டை லட்சக்கணக்கில் செய்து குவித்த கைகளுக்கு எந்தப் பெயரும் தங்கவில்லை.

கான்பூர்

1857 வரை பிரிட்டிஷ் படைக்குத் தேவையான நல்ல தோல் சேணங்களும் வார்களும் பெருமளவில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயப் படையின் எண்ணிக்கை கூடியது, தேவையும் கூடியது. 1860களில் கான்பூரில் அரசு சேணத் தொழிற்சாலை நிலைகொண்டது. குதிரைச் சேணம், பீரங்கி இழுக்கும் வார், இடுப்பு பெல்ட், தோட்டாப் பை, துப்பாக்கி உறை எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. 1880களின் தொடக்கத்தில் கூப்பர் ஆலன் நிறுவனம் ராணுவ பூட்சுகளுக்காக அங்கே வந்தது. சுற்றுவட்டாரத்தில் கருவேலம்பட்டை கிடைத்தது. கால்நடைத் தோல் கிடைத்தது. ரயில் வந்தது. கங்கை ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோல் வேலைக்கு ஆள் கிடைத்தார்கள்.

அவர்களில் பெரும்பகுதியினர் சமார் என்று அரசுப் பதிவேடுகள் எழுதிய மக்கள். அந்தச் சொல் வட இந்தியாவில் வசைச் சொல்லாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது. ஆவணப் பெயர் என்பதால் மட்டுமே இங்கு பயன்படுத்துகிறோம். இங்கே மாணவர்கள் ஒரு பொறியில் விழாமல் கவனமாக இருக்க வேண்டும். 'சமார் என்றால் தோல் தொழிலாளி. அது அவர்கள் பரம்பரைத் தொழில்' என்று காலனிய இனவரைவியல் எழுதியது. நம் பாடநூல்களும் அதையே திருப்பிச் சொல்கின்றன. ஆய்வாளர் ராம்நாராயண் ராவத் 2011இல் வெளியான தன் நூலில் இதை மறுத்தார். வட இந்தியாவில் அந்த மக்களில் மிகப் பெரும்பான்மையினர் குடியானவர்களாகவும் விவசாயக் கூலிகளாகவும் இருந்தவர்கள். தோல் வேலை செய்தவர்கள் அவர்களில் சிறு பகுதியே என்று காலனிய ஆவணங்களைக் கொண்டே காட்டினார். அதாவது தொழிலால் சாதி வரவில்லை. சாதியின் மீது தொழில் ஒட்டப்பட்டது. தொழிற்சாலையும் அந்த ஒட்டுதலை இறுக்கியது.

ஓர் உறை உருவாகும் விதம்

அந்த வேலை எத்தகையது என்று கொஞ்சம் பார்ப்போம். 'அழுக்குத் தொழில்' என்ற சொல்லால் அதை மூடிவிடுவதே வழக்கம்.

கைத்துப்பாக்கி உறைக்கு எல்லாத் தோலும் ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட கெட்டித் தோல் வேண்டும். உரித்த தோலை உப்பிட்டு, பிறகு கழுவி, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஒட்டிய சதையைச் சீவி, பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்தக் காலத்து முறையில் கனத்த தோல் முழுதும் பதமாகப் பல மாதங்கள் பிடிக்கும்.

அப்படி வந்த தோலை அளவுக்கு வெட்டி, தண்ணீரில் நனைத்து, துப்பாக்கியின் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் வைத்து அழுத்துவார்கள். காய்ந்ததும் தோல் அந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோல் இப்படி நிற்காது. பிறகு குத்தூசியால் ஒரே இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலின் இரண்டு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் பிரியாது. கடைசியில் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உறை தளர்ந்தால் துப்பாக்கி ஓடும்போது விழும். இறுகினால் வேண்டிய நொடியில் வராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை அளவை அறிந்திருந்த விரல்களுக்குப் பெயர் 'தீண்டத்தகாதவை'.

முடிந்த உறையின் உட்புறத்தில் தொழிற்சாலையின் முத்திரையும் ஆண்டும் குத்தப்படும். சோதித்தவரின் அடையாளமும் விழும். செய்தவரின் அடையாளத்துக்கு அங்கே இடமில்லை.

பெல்ட் தைத்தவர் பெல்ட் கட்டலாமா

கான்பூரில் இந்த வேலை பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மற்றொன்றும் நடந்தது. ராணுவத்தின் கதவு நம் மக்களுக்கு மூடப்பட்டது.

1818 ஜனவரி 1இல் பீமா கோரேகானில் மகார் வீரர்கள் போரிட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். சென்னைப் படையிலும் சப்பர்ஸ் என்னும் பொறியியல் படையிலும் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கொள்கையை உறுதியாகப் பிடித்தார். தெற்கத்தியர் சண்டைக்கு ஆகமாட்டார்கள்; வடமேற்கிலிருந்து ஆளெடுங்கள் என்றார். 1890களில் மகார்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் இதை எதிர்த்து மனு எழுதினார். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவ சுபேதார். ராணுவப் பள்ளி ஆசிரியர். அந்த இடுப்பு பெல்ட் ஒரு குடும்பத்துக்குள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் எழுத்தையும் கொண்டுவந்தது. அந்த எழுத்திலிருந்து வந்தவர் அம்பேத்கர்.

போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்படும்போதெல்லாம் 'போர்க்குணம்' திடீரென்று நமக்கும் முளைத்தது. 1917இல் 111ஆவது மகார் படைப்பிரிவு உருவானது, 1921இல் கலைக்கப்பட்டது. 1941இல் மகார் ரெஜிமெண்ட் மீண்டும் வந்தது. 1943இல் உருவான சமார் ரெஜிமெண்ட் ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்டது; 1946இல் கலைக்கப்பட்டது. தைப்பதற்கு எப்போதும் வேண்டும்; கட்டுவதற்கு அவசரத்துக்கு மட்டும் வேண்டும்.

ஆயுதம் ஏந்துவதே விடுதலை என்று நாம் சொல்லவில்லை. பேரரசின் படையில் சேர்வது எதற்குப் பயன்பட்டது என்ற கேள்வியை நம் முன்னோடிகளிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 1878 ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற ஜமீன்தாரின் இடுப்பில் உறை தொங்கியதையும், அதைத் தைத்தவர் அவர் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாததையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கான்பூர்த் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலைக் கூலி கிராமத்து எஜமானிடமிருந்து விலகி நிற்க ஓரளவு இடம் தந்தது. தோலில் ஒப்பந்தக்காரராகி, கடை வைத்துப் படித்த சிறு பிரிவும் எழுந்தது. சுவாமி அச்சுதானந்தர் 1920களில் ஆதி இந்து இயக்கத்துக்குக் கான்பூரைத் தளமாக்கினார். 'ஆதி இந்து' இதழை அங்கிருந்து நடத்தினார். மண்ணின் மூத்த குடிகள் நாங்கள் என்ற குரல் சுண்ணாம்புக் குழிகளின் அருகிலிருந்தும் எழுந்தது.

நம் தோல் ஷாப்புகள்

இது வடக்கத்திய கதை மட்டுமல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம், திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அந்தத் தோலை மொத்தமாக வாங்கிக்கொண்டது. அது படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலானது. குழியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பகுதி பறையர்களும் அருந்ததியர்களும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து வந்தவர்கள். குழிக்குள் நிற்பவரின் மொழி மாறியிருக்கிறது, குழி மாறவில்லை.

தீட்டு எங்கே இருந்தது

தொடக்கத்தில் எடுத்த கேள்விக்கு வருவோம். தீண்டாமைக்குத் தொழில் காரணம் என்ற விளக்கத்தை அண்ணல் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் ஏற்கவில்லை. பெல்ட்டின் வரலாறு அவர் பக்கமே நிற்கிறது. தோலே தீட்டு என்றால் அதிகாரியின் இடுப்பும் தீட்டாகியிருக்க வேண்டும். மாடு வயலில் உழும்போது செல்வம். செத்தால் சேரியின் சுமை. தோல் உரிக்கும்போது தீட்டு. பெல்ட்டாகி இடுப்பில் ஏறும்போது அதிகாரம். பொருள் ஒன்றே. ஒவ்வொரு கட்டத்திலும் அது யார் கையில் இருக்கிறது என்பதே மாறுகிறது. தீட்டு என்பது தோலின் குணமல்ல, அதிகாரத்தின் கணக்கு.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா அருகே மோட்டா சமாதியாலா கிராமத்தில் இறந்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித்துகளை அடித்தார்கள். நகருக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டிவைத்து ஊர் பார்க்க அடித்தார்கள். அடித்தவர்களின் காலில் என்ன இருந்தது, இடுப்பில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் குஜராத் தலித்துகள் பதில் சொன்னார்கள். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றி வந்து சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே எடுத்துப் புதையுங்கள் என்பதே அதன் பொருள். அகமதாபாத்திலிருந்து உனாவுக்கு நடந்தவர்கள், இனி இந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள், நிலம் கேட்டார்கள். தொழிலை விட்டால் பிழைப்பு எது என்ற கேள்விக்கு நிலமே பதில் என்று அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்தில் பழைய பெல்ட்டையோ துப்பாக்கி உறையையோ பார்த்தால், கீழே எழுதியிருக்கும் அதிகாரியின் பெயரோடு நகர்ந்துவிடாதீர்கள். தையலை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டில் தோல் ஷாப்பில் வேலை செய்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தக் குழியில் நின்றார்கள், என்ன கூலி வாங்கினார்கள், கை கால் எப்படி வெந்தது, எந்த வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களின் துயரத்தை மட்டும் எழுதாதீர்கள். அவர்களின் அறிவையும் எழுதுங்கள். அரசின் முத்திரை உறைக்குள் குத்தப்பட்டுவிட்டது. செய்தவரின் பெயரை எழுதும் வேலை நம்முடையது.

ஜெய்பீம்.