மழைக்காலத்தில் ஓய்வெடுக்கும் இன்ஜின்: பழுதில்லாமல் பாதுகாத்து வைப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து கிணறும் ஏரியும் நிரம்பிவிட்டால், டீசல் பம்ப்செட்டுக்கு இரண்டு, மூன்று மாதம் வேலை இருக்காது. களையெடுக்கும் பவர் வீடர், விசைத்தெளிப்பான், பவர் டில்லர் போன்றவையும் பருவத்துக்குப் பருவம் சும்மா கிடப்பவைதான். கடைசியாக ஓட்டிய அன்று எப்படி நிறுத்தினோமோ, அப்படியே கொட்டகையில் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம்.

சிக்கல் தை, மாசியில் தெரியவரும். நிலக்கடலை பூவெடுக்கும் நேரத்தில் தண்ணீர் கட்டப் போனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஊரில் எல்லோருக்கும் அதே வாரத்தில்தான் இன்ஜின் தேவைப்படும் என்பதால், மெக்கானிக்கும் உடனே கிடைக்கமாட்டார். பூக்கும் பருவத்தில் நிலம் காய்ந்தால், அந்த இழப்பைப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஈடுகட்ட முடியாது.

ஓடும்போது தேய்வது மட்டுமல்ல, சும்மா நிற்கும்போதும் இன்ஜின் கெடும். பழைய ஆயிலில் உள்ள அமிலம், டேங்கில் சேரும் ஈரம், கார்புரேட்டரில் காயும் பெட்ரோல், சிலிண்டருக்குள் பிடிக்கும் துரு ஆகிய நான்கும்தான் இதற்குக் காரணம். ஒரு மாதத்துக்கு மேல் இன்ஜின் ஓடாது என்று தெரிந்தால், அரை நாள் ஒதுக்கிக் கீழே சொல்லும் வேலைகளை வரிசையாகச் செய்துவிடுங்கள்.

1. முதலில் ஆயில் மாற்றுங்கள்

"இப்போது மாற்றி என்ன பயன்? திரும்ப ஓட்டும்போது புது ஆயில் ஊற்றிக்கொள்ளலாம்" என்று பலர் நினைப்பார்கள். ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும், கரியும், ஈரமும் கலந்திருக்கும். அதே ஆயிலோடு மூன்று மாதம் நிற்கும் இன்ஜினில் பேரிங், கிராங்க் ஆகியவை உள்ளே அரிக்கப்படும். எனவே ஆயிலை நிறுத்தி வைப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தியபின் அடி நட்டைக் கழற்றுங்கள். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வெளியேறும். கையில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள். பிறகு இன்ஜினோடு கொடுத்த கையேட்டில் சொன்ன வகை ஆயிலை, அளவு குச்சியில் உள்ள மேல்கோடு வரை ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். புது ஆயில் எல்லாப் பாகங்களிலும் படியும். பழைய ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. பெட்ரோல் என்றால் காலி, டீசல் என்றால் நிறைவு

இந்த இரண்டுக்கும் செய்யும் முறை நேர் எதிரானது. மாற்றிச் செய்தால் பழுதை நாமே வரவழைத்ததாகிவிடும்.

பெட்ரோல் இன்ஜின்: இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, உலோகத்தை அரிக்கும். கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து, பிசின் போலாகி, ஜெட்டின் சிறு துளையை அடைத்துவிடும். பவர் வீடரும் தெளிப்பானும் பருவத் தொடக்கத்தில் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே டேங்கில் உள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, எரிபொருள் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கடைசியாக, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மிச்சத் துளிகளையும் வடியுங்கள். டூ ஸ்ட்ரோக் தெளிப்பானில் ஆயில் கலந்த பெட்ரோலுக்கும் இதே முறைதான். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்ப்செட்டாக இருந்தால், நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிவிட்டு, இரண்டு டேங்க்குகளையும் வடியுங்கள். இந்த வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கக்கூடாது.

டீசல் இன்ஜின்: டேங்கில் பாதி டீசல் இருந்தால், மேல்பாதியில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தண்ணீராகி உள்சுவரில் வழிந்து அடியில் சேரும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருப்புப் பாசி போல ஃபில்டரை அடைக்கும். அந்தத் தண்ணீர் பம்ப், இன்ஜெக்டர் வரை போய்விட்டால் செலவு பெரிதாகிவிடும்.

எனவே டேங்க், ஃபில்டர் இரண்டின் அடித் திருகையும் திறந்து, தண்ணீரும் கசடும் போய்த் தெளிந்த டீசல் வரும் வரை வடியவிட்டு மூடுங்கள். பிறகு டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்குங்கள். டீசல் தீரும் வரை ஓட்டி நிறுத்தாதீர்கள். குழாயில் காற்று புகுந்து ஏர் லாக் ஆகிவிடும்.

3. தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடியுங்கள்

பம்ப் தண்ணீரையே சுற்றவிட்டுக் குளிரூட்டும் இன்ஜின்களில், சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் தண்ணீர் தேங்கி நிற்கும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் இது துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கும். அடுத்த பருவத்தில் தண்ணீர் ஓடும் வழி குறுகி, இன்ஜின் சூடேறும். உங்கள் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், கடைசியாக ஓட்டும்போது நல்ல தண்ணீரைச் சிறிது நேரம் சுற்றவிட்டுக் கழுவுங்கள். இன்ஜின் ஆறியபின் அதன் வடிகுழாயையும், பம்பின் அடியில் உள்ள பிளக்கையும் திறந்து வடியுங்கள். துளை கசடால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதி விவசாயிகள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். மார்கழி, தையில் அங்கு உறைபனி விழும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். விரிய இடமில்லாத அந்தத் தண்ணீர், வார்ப்பிரும்புப் பம்பையும் இன்ஜின் பிளாக்கையும் வெடிக்கச் செய்துவிடக்கூடியது. குளிர் நாடுகளில் படகு இன்ஜினைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது முதலில் தண்ணீரை வடிப்பது இதற்காகத்தான். பள்ளத்தில் உள்ள கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் பனி அதிகமாகத் தங்கும் என்பதால், அங்குள்ள பம்புகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

4. சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில்

பல வாரம் அசையாமல் நின்றால், பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கச் சிறிதளவு ஆயில் போதும்.

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன், அதாவது சுமார் 5 மில்லி, புது இன்ஜின் ஆயில் விடுங்கள். கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பிறகு கயிறு கனமாகும் இடம் வரை இழுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போகாது.

கைப்பிடியால் சுற்றும் டீசல் இன்ஜினில், எரிபொருள் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்து, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிடுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, காற்று போகும் வழியில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கைப்பிடியால் மெதுவாக ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். லீவரை இறக்கி, கனம் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் காற்று வழியில் ஆயில் ஊற்றாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். அளவும் கூடக்கூடாது. திரவத்தை அழுத்த முடியாது என்பதால், அதிக ஆயில் இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கைப்பிடி இல்லாத இன்ஜினாக இருந்தால் இந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

5. வாயை மூடுங்கள், பாரத்தை இறக்குங்கள்

- ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து மாட்டுங்கள். ஆயில் ஊற்றும் வகையாக இருந்தால் ஆயிலை மாற்றுங்கள்.
- சைலென்சர் வாயையும் காற்று வழியையும் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். மூடியதை மறக்காமலிருக்க, கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள்.
- பெல்ட்டைத் தளர்த்துங்கள் அல்லது கழற்றி, ஆயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.
- செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பவர் டில்லர், டிராக்டரில் பேட்டரியின் மைனஸ் இணைப்பை முதலில் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் இறங்கிக் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.
- பெயின்ட் உரிந்த இடங்களிலும், நட்டு போல்ட்டுகளிலும் கிரீஸ் தடவுங்கள்.

எங்கே வைப்பது?

மண் தரையில் நேராக வைக்காமல், செங்கல் அல்லது மரக்கட்டை மேல் வையுங்கள். தார்ப்பாயை முழுவதும் இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். மேலே மட்டும் போர்த்தி, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள்.

உர மூட்டைகள் உள்ள அறையில் இன்ஜினை வைக்கவே கூடாது. பொட்டாஷ், யூரியா போன்ற உரங்கள் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த உப்பு இரும்பை வேகமாக அரிக்கும். தானியம் வைத்துள்ள அறையில் எலி வரும். வயரைக் கடித்துவிடும்.

வாய்க்கால் கரையிலோ ஆற்றோரத்திலோ இன்ஜினை விட்டுவைக்காதீர்கள். அதையும் மீறி வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், சுற்றிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் ராடு வளையும். பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில், எரிபொருள் இரண்டையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். தாமதித்தால் துருப்பிடித்துவிடும் என்பதால், இதை ஓரிரு நாளுக்குள் செய்யுங்கள்.

இடையில் ஓட்டிப் பார்க்கலாமா?

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது நல்லதல்ல. இன்ஜின் சூடாகும் முன் நிறுத்தினால், எரிப்பில் உண்டாகும் நீராவி உள்ளேயே தங்கி ஆயிலில் கலக்கும். மேலே சொன்னபடி தயார் செய்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மாதம் ஒருமுறை கையால் சில சுற்றுச் சுற்றி, கனம் தட்டும் இடத்தில் நிறுத்தினால் போதும்.

திரும்ப ஓட்டும்போது

தேவைப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்துப் பாருங்கள். மூடிகளைக் கழற்றுங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு உள்ளதா என்று பாருங்கள். ஆயில் அளவைச் சரிபாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள், மாற்றிவிடுங்கள். வடிபிளக்குகளை மூடி, பெல்ட்டை இறுக்குங்கள். ஃபுட் வால்வில் குப்பை இல்லை என்று உறுதி செய்து, பம்பில் தண்ணீர் நிரப்புங்கள். பெட்ரோல் இன்ஜினில் புது பெட்ரோலே ஊற்ற வேண்டும். டீசல் இன்ஜினில் குழாயில் காற்று இருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். முதல் சில நிமிடம் நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். சிலிண்டரில் விட்ட ஆயில்தான் எரிகிறது. புகை நின்றபின் பாரம் கொடுங்கள். மூடிய அறைக்குள் மட்டும் ஓட்டாதீர்கள், அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். மொத்தச் செலவு ஒருமுறை மாற்றும் ஆயிலும், கொஞ்சம் கிரீஸும்தான். அந்த ஆயிலும் எப்படியும் மாற்ற வேண்டியதே.