ஆற்றுமணலில் ஆறிப்போன அடுப்புகள்

அகநானூற்றின் 137ஆம் பாடலில் ஓர் உவமை உண்டு. பாடியவர் உறையூர் முதுகூத்தனார். தலைவன் பிரிந்து செல்வான் என்பதை உணர்ந்துகொண்ட தலைவியின் நெற்றி ஒளியிழந்திருப்பதைத் தோழி காண்கிறாள். அது எதைப்போல் இருக்கிறது என்று சொல்லப் புகும்போது அவளுக்கு உறையூரின் ஆற்றங்கரை நினைவுக்கு வருகிறது. பங்குனி விழா முடிந்த மறுநாள். முதல்நாள்வரை ஆரவாரமாயிருந்த ஆற்றிடைச் சோலையில் இப்போது ஆளரவம் இல்லை. உதிர்ந்த பூவும் இலையும் செறிந்த மரக்கூட்டத்தினிடையே அடுப்புகள் மட்டும் நெருப்பின்றிக் கிடக்கின்றன.

பாலைத் திணைப் பாட்டு ஆகையால் இதைப் பேசுவோர் பிரிவுத் துயரைப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவர். நாம் அந்த அடுப்புகளின் அருகே சற்று நிற்க விரும்புகிறோம். கேட்பவர் அறியாத பொருளைக் கொண்டு உவமை சொல்வாரில்லை. விழா முடிந்த மறுநாளின் வெறுமையை உறையூரார் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கண்டிருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அடுப்பு மூட்டியவர்கள், காலையில் வந்து நண்பகலுக்குள் வீடு திரும்பியவர்களாக இருக்க முடியாது. அரிசியும் கலமும் சுமந்து வந்து, வெண்மணலில் கல் கூட்டிச் சமைத்து, மர நிழலில் உண்டு, பொழுது சாயும்வரை தங்கியவர்கள் அவர்கள். நாம் இன்று ‘பிக்னிக்’ என்கிறோமே, அதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இந்த ஆறிய அடுப்புகளைக் கொள்ளலாம். இது ஒரு வீட்டாரின் உல்லாசமன்று. ஓர் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்த நாள்.

வேனிலை இளவேனில், முதுவேனில் என இரண்டாகப் பகுப்பது மரபு. சித்திரையும் வைகாசியும் முன்னது, ஆனியும் ஆடியும் பின்னது என்பர் உரையாசிரியர். நம் இலக்கிய வகுப்புகளில் வேனில் என்றாலே வறண்ட பாலையும் பருந்தும் கள்ளியும்தான். ஆனால் அதே வேனில் ஊருக்குள் வேறொரு முகம் காட்டியது. கலித்தொகையின் பாலைப் பாடல்களில் பிரிந்து சென்றவனுக்காகக் காத்திருப்பவள் எண்ணி ஏங்குவது காமவேள் விழாவையும் ஆற்றங்கரைப் பொழிலையுமே. எல்லாரும் துணையோடு வெளியில் ஆடும் பருவத்தில் தான் மட்டும் வீட்டுக்குள் இருக்கிறோமே என்பதுதான் அவள் துயரின் கூர்மை. பொதுவெளி அவ்வளவு நிறைந்திருந்ததனால்தான் தனிமை அவ்வளவு உறைத்தது.

வையையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பரிபாடலின் 70 பாடல்களில் 26 வையைக்கு உரியவை எனப் பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. உ.வே.சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தபோது கிடைத்த முழுப்பாடல்கள் 22 மட்டுமே. அவற்றுள் வையைக்கு 8. மழை மலையில் தொடங்கிப் புதுவெள்ளம் நகரை எட்டியதும் மதுரையே கரைக்கு ஓடுகிறது. பிடியேறி வருகிறார்கள், குதிரையிலும் கோவேறு கழுதையிலும் வருகிறார்கள், நடந்தும் வருகிறார்கள். சிவிறியால் ஒருவர்மேல் ஒருவர் நீர் வீசுகிறார்கள். புணை தழுவி நீந்துகிறார்கள். நீராடிய குளிர் போக மது அருந்தியவளின் கண், நெய்தலாயிருந்தது, நறவம் பூவாய்ச் சிவக்கிறது. இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் ஒரு விலையும் இருந்தது. சந்தனமும் மாலையும் மதுவும் கலந்து ஆறு கலங்கிவிட்டதால் அந்தணர் நீராடாது விலகினர், பெரியோர் வாய்கொப்பளிக்கவும் தயங்கினர் என்கிற செய்தியையும் பரிபாடல் மறைக்காமல் தருகிறது. ஆற்று மாசு குறித்த தமிழின் முதல் முறையீடு இதுவாக இருக்கலாம்!

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. சித்திரையில் தொடங்கிய இந்திர விழா முடிந்ததும் புகார் மக்கள் கடற்கரைக்குப் போகின்றனர். மணற்பரப்பெங்கும் கூடாரங்கள். கோவலன் அத்திரியில் ஏற, மாதவி வண்டியில் ஏறுகிறாள். புன்னை நிழலில் ஓவியத்திரை கட்டி அமர்கிறார்கள். காப்பியம் முழுவதையும் திருப்பிப்போடும் பிரிவு, அரண்மனையிலோ நடன அரங்கிலோ நிகழவில்லை. ஊர் முழுதும் திரண்டிருந்த ஒரு விடுமுறைக் கடற்கரையில் நிகழ்கிறது. இளங்கோ இடம் தேர்ந்த திறத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இவையெல்லாம் வளமானோரின் விளையாட்டுகள் அல்லவா என்று கேட்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆயினும் புறநானூற்றின் 243ஆம் பாடலில் யானையும் இல்லை, அத்திரியும் இல்லை. தடியூன்றி, இருமலுக்கிடையே பேசும் ஒரு முதியவர், தம் இளமையை எண்ணிப் பார்க்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீரின் மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையில் நிற்பவர் வியக்கக் குதித்தது, மடுவின் ஆழம் வரை போய்வந்ததற்குச் சாட்சியாக அடிமணலை அள்ளி மேலே வந்தது. அவ்வளவே அவர் சொத்து. பாடியவரின் இயற்பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. கையிலிருந்த தடியைக்கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். வையைக் கரையூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இப்பாடலை நடத்தும்போது, மடுவின் அடிமணல் என்பதை விளக்க நமக்குச் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. நீந்தத் தெரிந்தோர் கைதூக்குங்கள் என்று கேட்பதை விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் பழம்பெருமையில் மயங்கிவிடாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுநீர் என்பது பிற்காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. குளத்துப் படித்துறையிலும் கிணற்றடியிலும் சாதி காவல் நின்றது. பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தத் தடையில்லை என்று அறிவிக்கக் கோரி, 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த முதியவர் மருதக்கிளையிலிருந்து குதித்த குளத்தில் குதிக்க முடியாமல், கரையிலிருந்தும் விலக்கி நிறுத்தப்பட்ட குழந்தைகள் நூற்றாண்டுகளாக இருந்தனர். அவர்கள் சார்பில் நமக்கு ஒரு பாட்டும் கிடைக்கவில்லை.

விளையாட்டு என்னவாயிற்று? அழியவில்லை, கைமாறியது என்று நாம் கருதுகிறோம். மக்கள் ஆடியதை இறைவன் ஆடத் தொடங்கினார். உறையூரில் பங்குனியில் காதலர் கூடினர் அல்லவா? இன்று பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் சேர்ந்து காட்சிதரும் சேர்த்தி நடைபெறுகிறது. அதே மாதத்தில் அவர் உறையூர் கமலவல்லி நாச்சியாரிடமும் எழுந்தருள்கிறார். முதுகூத்தனார் குறிப்பிடும் ஆற்றிடைக்குறை இன்றைய திருவரங்கமே என்பாரும் உளர். உறுதிகூற இயலாவிடினும் ஊரும் மாதமும் கூடலும் இப்படி ஒத்துவருவதைத் தற்செயல் என ஒதுக்க மனம் வரவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) கோயிலுக்கு எதிரே எழுப்பிய புதுமண்டபம் உண்மையில் ஒரு வசந்த மண்டபம். வேனிலில் அம்மையும் அப்பனும் வந்து அமர்ந்து குளிர்காய, அதாவது குளிர்ச்சி காண, சுற்றிலும் நீர் நிற்க வழிசெய்து கட்டப்பட்டது. (பின்னாளில் அதற்குள் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் நெடுங்காலம் இருந்தது வேறு கதை.) மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் அவரே என்பது மதுரையில் வழங்கும் செய்தி.

ஆனாலும் மக்கள் முற்றாக விட்டுக்கொடுத்துவிடவில்லை. கருப்பசாமி வேடமிட்ட அடியார்கள் ஆட்டுத்தோல் பையில் நீர் நிறைத்துக் கள்ளழகர்மேல் பீய்ச்சுகிறார்களே, அதைக் காணும்போதெல்லாம் நமக்குப் பரிபாடலின் சிவிறிதான் நினைவுக்கு வருகிறது. வேண்டுதலின் பெயரால் பிழைத்துவந்த பழைய நீர்விளையாட்டு அது. உயர் அழுத்த மோட்டார் வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அளவுக்கு அது போய்விட்டதால், 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, மரபான தோற்பையே போதும் என்று சொல்ல நேர்ந்தது.

ஆங்கிலேயர் வந்தபின் ‘கோடைவிழா’ என்னும் சொல்லே மலையேறிவிட்டது. அவர்களுக்கு வேனில் தப்பியோட வேண்டிய ஒன்று. உதகையில் தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது. 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபெயர்ந்தது. மலர்க்கண்காட்சி 1896இல் தொடங்கியது. தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் இவ்வளவும் நடந்தது. அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உறையூர் விழாவுக்குப் பயணமோ அறைவாடகையோ நுழைவுச்சீட்டோ வேண்டியிருக்கவில்லை. வெள்ளையராட்சியின் கொடைகளில் நம் பழைய மரபுக்கு மிக அண்மையில் வருவது, கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்து மெரினா எனப் பெயரிட்ட கடற்கரை நடைபாதைதான். கோடை மாலையில் அங்கே சென்று பாருங்கள். ஓவியத்திரை இல்லை, மற்றபடி கடலாடு காதைதான். எவர் வேண்டுமானாலும் மணலில் அமரலாம்.

ஆறுகளின் கதை வேறு. முல்லைப் பெரியாற்று நீர் 1895இல் வையைப் படுகைக்குத் திரும்பியதும், 1959இல் வையை அணை திறக்கப்பட்டதும் வயல்களுக்குப் பெருநன்மை. அதைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மை. ஆயினும் மழை மலையில் இறங்கியதும் ஊர் ஓடிவந்து எதிர்கொள்ளும் புதுப்புனல் என்பது அதன்பின் இல்லை. வெள்ளம் வருவதை இப்போது வானம் தீர்மானிப்பதில்லை, மதகு தீர்மானிக்கிறது. காவிரிக்கும் மேட்டூர் அணை 1934இல் வந்துவிட்டது. ஆடிப்பதினெட்டு மட்டும் நிற்கிறது. அம்மா மண்டபப் படித்துறையில் புதுமணப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். கட்டிக்கொண்டு வந்த சித்ரான்னங்களைக் கரையில் அமர்ந்து உண்கிறார்கள். அடுப்பு மூட்டுவார் இல்லை, தூக்குவாளிதான். ஆறு வறண்ட ஆண்டுகளில் குழாய்நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பியதும் உண்டு.

மதுரையில் சித்ரா பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள். அழகர் இறங்குவதற்கென்றே வரும் நீர் அது. ஆண்டில் பல மாதம் மணலும் முட்புதரும் சாக்கடையுமாகக் கிடக்கும் படுகையில் அது வந்து சேர்ந்ததும், பாலங்களுக்கடியில் சிறுவர்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். முழங்காலளவு நீரில் குதிக்க இடமில்லை. கையால் அள்ளி ஒருவர்மேல் ஒருவர் இறைத்துக்கொள்கிறார்கள். விழா முடிந்ததும் மதகு அடைபடுகிறது.