ஒரே பெயரில் இரண்டு சட்டங்கள்

மதுரை திருநகரிலிருந்து சமணர் மலைப் பக்கம் போனால் கீழக்குயில்குடி. பிரமலைக் கள்ளர் சமூகத்தில் முதலில் ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் 1914-இல் இந்த ஊர்க்காரர்கள்தான். கைரேகை கேட்டதால் ஊர்வாயில் அது ரேகைச் சட்டம்.

ஒரே பெயரில் அழைத்தாலும் சட்டம் ஒன்றல்ல. 1871-இல் வந்தது பஞ்சாப், அயோத்தி, வடமேற்கு மாகாணங்களுக்கானது. 1911-இல் வந்ததுதான் சென்னை மாகாணத்தை எட்டியது.

அடிப்படை இரண்டிலும் ஒன்றே: செய்த குற்றத்தை விட்டுவிட்டுப் பிறந்த குடியைப் பிடிப்பது. அரசின் அறிவிப்பை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்பதும் இரண்டிலும் உண்டு.

வேறுபாடு நடைமுறையில். 1871 சட்டப்படி மாகாண அரசு ஒரு சமூகத்தைத் தானாகக் குற்றப் பரம்பரை என்று அறிவிக்க முடியாது. காரணங்களை எழுதிக் கவர்னர் ஜெனரலின் அனுமதி பெற வேண்டும். கட்டுப்பாடு வந்தபின் அந்த மக்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பதையும் அதே அறிக்கையில் சொல்ல வேண்டும். ஏட்டளவில்தான் என்றாலும் கேள்வி இருந்தது. 1911 சட்டம் அதை எடுத்துவிட்டது. மாகாண அரசு நம்பினால் போதும், அரசிதழில் ஓர் அறிவிப்பு, முடிந்தது. பிழைப்பு பற்றிய கேள்வி போன இடத்தில் கைரேகை வந்து உட்கார்ந்தது. பதிவானவர் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், வீடு மாறினாலும் வெளியூர் போனாலும் தெரிவிக்க வேண்டும் என்று கெடுபிடியும் கூடியது.

பிழைப்பைக் கேட்காத சட்டம் கட்டைவிரலைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் காட்டியது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த ஊர்மக்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர் 16 பேர். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அதன்பின்தான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பரவின. 1871-இல் முன்கூட்டியே எழுதச் சொன்ன பதிலை, மதுரையில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எழுதத் தொடங்கினார்கள்.

முந்தைய சட்டம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. பிறப்பைக் குற்றமாக்கிய எதுவும் நல்ல சட்டம் ஆகாது. ஆனால் ஒரு கெட்ட சட்டத்தைத் திருத்தும்போது முதலில் காணாமல் போவது, அதிலிருந்த ஒரே நல்ல வரிதான். 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. சீரமைப்புப் பள்ளிகளில் இன்றும் மணி அடிக்கிறது.